தூரத்துக்கு ஒரு கண்

சோல்விக்
14 ஜனவரி 1998

ஆன்ஃபின்,

இது சமாதானக் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதி படித்துவிட்டு நீயாக எதையாவது நினைத்துக்கொள்ளாதே. எனக்கு ஒரு கார் வேண்டும், காரோடு ஓர் ஆளும் வேண்டும். வேறு யாராவது கிடைத்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

அக்டோபரில் எனக்கு இடக் கண்ணில் புரை எடுத்தார்கள். உனக்குத் தெரிந்திருக்கும், படகில் ஏறுகிறவர்கள் பேசாத விஷயம் ஏது. வலக் கண்ணுக்கு மார்ச் 3, காலை ஒன்பதரை என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கூட ஒருவர் வர வேண்டும், தனியாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். போன தடவை பக்கத்து வீட்டு தோர்டிஸ் அழைத்துப் போனாள். கிறிஸ்துமஸ் முடிந்த மறுவாரம் அவள் வாசற்படிப் பனியில் சறுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். என் மகன் யோஸ்டைனுக்கு மார்ச் முழுக்கக் கடலில், எண்ணெய்க் கிணற்றில் வேலை. நகரத்துக்கு ரோடு உன் கரையிலிருந்துதான் போகிறது. காரும் உன்னிடம் இருக்கிறது. காரணம் அவ்வளவுதான்.

இடக் கண்ணுக்குக் கிட்டத்துப் பார்வை லென்ஸ் வைக்கச் சொன்னேன். படிக்க, பின்னல் போட, மீனில் முள் எடுக்க. நன்றாகத் தெரிகிறது. வேண்டியதற்கு மேலேயே தெரிகிறது. கட்டு அவிழ்த்த மறுநாள் காபிக் கோப்பைகளை எடுத்தேன், உள்ளே எல்லாவற்றிலும் பழுப்பு வளையம். எத்தனை வருஷமாக அப்படியே கழுவி அடுக்கி வைத்திருந்தேனோ. போதகர் மாதம் ஒரு தடவை வந்து அதில்தான் குடித்துவிட்டு, "நல்ல காபிம்மா"ன்னு சொல்லிவிட்டுப் போவார். வளையத்தைப் பற்றி மனுஷன் வாயைத் திறந்ததே இல்லை.

தூரத்தில் எல்லாம் இன்னும் பால் கொட்டினதுபோலத்தான் இருக்கிறது. அதற்குக் கண்ணாடி போடலாம், ஆனால் இரண்டாம் கண்ணும் முடியட்டும் என்றார்கள். அந்தக் கண்ணையாவது தூரத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று டாக்டர் கேட்டார். தூரத்தில் எனக்குப் பார்க்க எதுவும் இல்லை, அதையும் கிட்டத்துக்கே வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வர முடியுமானால் ஒரு வரி எழுது. போன் செய்யாதே.

போர்கில்ட்


பக்கா
18 ஜனவரி 1998

அக்கா,

வருகிறேன்.

6.40 படகில் ஏறு. முன்பக்கம் உட்காராதே, சாரல் அடிக்கும். முப்பத்தொரு வருஷம் அந்தப் படகில் கயிறு கட்டினவன் சொல்கிறேன். இந்தக் கரையில் காரைச் சூடாக்கி வைத்துக்கொண்டு நிற்பேன்.

போன் செய்யாதே என்கிறாய். கடைசியாக நாலு வருஷத்துக்கு முன்னால் செய்தேன், நீ வைத்துவிட்டாய். அப்புறம் செய்யவில்லையே.

தூரத்தில் பார்க்க எதுவும் இல்லை என்று டாக்டரிடம் சொன்னாயாம். உன் அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே, தண்ணீருக்கு இந்தப் பக்கம், நாம் இரண்டு பேரும் பிறந்த வீடு இருக்கிறது. அதில் நான் இருக்கிறேன். சரி, அது உன் கண்.

படகுக் கொட்டகையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர் லைடுல்வ் உயிரோடு இருந்தபோது பாதி உங்களுக்கு வரவேண்டும் என்றார். மாட்டேன் என்றேன். இப்போது என்னிடம் படகே கிடையாது. பாதி என்ன, முழுக்க நீயே எடுத்துக்கொள். கூரை ஒழுகுகிறது, அதையும் சேர்த்து.

ஆன்ஃபின்


சோல்விக்
23 ஜனவரி 1998

ஆன்ஃபின்,

படகுக் கொட்டகையா.

இந்த நாலு வருஷமும் ஓர் ஒழுகுகிற கொட்டகைக்காக நான் உன்னோடு பேசாமல் இருந்தேன் என்றா நினைத்தாய்? அக்காவை அவ்வளவு மலிவாகவா எடை போட்டாய்? எனக்குக் கொட்டகையும் வேண்டாம், கூரையும் வேண்டாம்.

என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த நாள் காலையில் நீ என்ன செய்தாய் என்று உட்கார்ந்து யோசி. 1994, பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. நான் சொல்ல மாட்டேன். செய்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா.

6.40க்கு வருகிறேன். வழியில் பேச்சு வேண்டாம், ரேடியோவைப் போட்டுவிடு. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுப்பார்கள், ஒரு மாதம் போட வேண்டும். போன தடவை நானே போட்டுக்கொண்டேன், பாதி காதுக்குள் போனது. அதிலிருந்து காது நன்றாகக் கேட்கிறது.

போர்கில்ட்


பக்கா
29 ஜனவரி 1998

அக்கா,

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தேன். பழைய நாட்காட்டியையும் தேடி எடுத்தேன். நான் தினமும் அதில் வானிலை எழுதுகிறவன் என்று உனக்குத் தெரியும். அன்றைய கட்டத்தில் இப்படி இருக்கிறது: "மைனஸ் நாலு. லேசான வடமேற்குக் காற்று. மலை முழுக்கப் பனி. லைடுல்வ்."

மற்றது ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். ஐந்தரைக்கு எழுந்தேன். ஆடுகளுக்குத் தீனி வைத்தேன். சவரம் செய்தேன், தாடையில் வெட்டிக்கொண்டேன். ஒன்பது மணிக்குக் கொடி ஏற்றினேன். சாவுக்கு ஏற்றுகிறபடி, உச்சிவரை கொண்டுபோய், பிறகு மூன்றில் ஒரு பங்கு இறக்கி, அரைக் கம்பத்தில் கட்டினேன். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு பதினொரு மணிப் படகில் வந்தேன். சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வாசலில் நீ எல்லோருக்கும் கை கொடுத்தாய். என் முறை வந்தபோது கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாய். அப்படியானால் அடக்கம் முடிந்து உன் வீட்டில் கொடுக்கிற காபிக்கும் வரக்கூடாது என்று புரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்தேன். அடக்கம் முடிந்துவிட்டதால் கொடியை உச்சிக்கு ஏற்றினேன். இருட்டுவதற்கு முன் இறக்கி மடித்து வைத்தேன்.

இதில் எது?

ஆன்ஃபின்


சோல்விக்
4 பிப்ரவரி 1998

ஆன்ஃபின்,

எல்லாவற்றையும் உள்ளபடி எழுதியிருக்கிறாய், ஒன்றைத் தவிர. தாடையில் வெட்டிக்கொண்டதைக்கூட விடவில்லை. அந்த ஒன்றில் மட்டும் பொய் சொல்ல எப்படி மனசு வந்தது?

கொடி அரைக் கம்பத்தில் இல்லை. உச்சியில் பறந்தது, ராஜாவுக்குப் பிறந்தநாள் என்பதுபோல. ஏற்றி இறக்குகிற ஒரு நிமிஷத்தைப் பார்த்துவிட்டேன் என்று மறுபடி எழுதாதே. முறை எனக்கும் தெரியும். ஒன்பதரையிலிருந்து பத்தே முக்கால்வரை அடுக்களை ஜன்னலில் நின்றேன், சவப்பெட்டி ஏற்ற வண்டி வர வேண்டியிருந்தது. ஒன்றேகால் மணி நேரம் எதிர்க்கரையைத்தான் பார்த்தேன், வேறு எதைப் பார்ப்பேன். அப்பா நட்ட கம்பம் எவ்வளவு உயரம் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம், அதன் அடியில்தான் வளர்ந்தேன். புகைப்போக்கிக்கு ஓர் ஆள் உயரம் மேலே அதன் முனை. கொடி அந்த முனையில் இருந்தது. அப்போது என் கண் நன்றாகத்தான் இருந்தது.

அவருக்கும் உனக்கும் ஆகாது என்று ஊருக்கே தெரியும். அது பரவாயில்லை, உயிரோடு இருக்கிறவர்கள் சண்டை போடத்தான் செய்வார்கள். ஆனால் அவர் பெட்டிக்குள் கிடந்த காலையில் நீ கொண்டாடினாய். அன்றைக்கே அந்த ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டேன். இன்றுவரை விலக்கவில்லை.

நீ மார்ச் 3க்கு வர வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு எழுதி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இருக்கிற ஆயுசுக்கு ஒரு கண் போதும்.

போர்கில்ட்


பக்கா
8 பிப்ரவரி 1998

அக்கா,

கொடி தடம் விட்டுப் போகிற பொருள் இல்லை. எதைக் காட்டி நான் நிரூபிப்பேன்? அரைக் கம்பத்தில்தான் கட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கு எழுதாதே. போன வாரம் நீ துறையில் ஒரு படியை விட்டு அடுத்த படியில் கால் வைத்தாயாம், தபால்காரர் பிடித்துக்கொண்டாராம். படகில் சொன்னார்கள். தோர்டிஸுக்குப் பக்கத்துக் கட்டிலில் போய்ப் படுக்க வேண்டுமா?

3ஆம் தேதி துறையில் நிற்பேன். படகில் நீ இல்லை என்றால் திரும்பிப் போகிறேன். இருந்தால் பேச மாட்டேன். ரேடியோ ரிப்பேர், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கண்ணைத் தூரத்துக்கு வைக்கச் சொல். என்னைத் திட்டுவதானாலும் ஆளைப் பார்த்துத் திட்டலாம்.

ஆன்ஃபின்


சோல்விக்
5 மார்ச் 1998

ஆன்ஃபின்,

சொன்னபடி பேசவில்லை. போக வர நாலு மணி நேரம். "குளிருதா?"ன்னு ஒரு தடவை கேட்டாய், "இல்ல"ன்னு சொன்னேன். குளிரத்தான் செய்தது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மேசையில் படுக்க வைப்பதற்கு முன்னால் டாக்டர் இன்னொரு தடவை கேட்டார், "ரெண்டு லென்ஸும் தயாரா இருக்கு. கிட்டத்துக்குத்தானே?" என்று. கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் கறுப்பாக ஒரு மூட்டை தெரிந்தது. தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய் என்று அளவை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். முகம் இல்லை. நாலு வருஷத்துக்கு அப்புறம் இத்தனை பக்கத்தில் இருக்கிறான், முகம் இல்லாமல் இருக்கிறானே என்று தோன்றியது. "தூரத்துக்கு"ன்னு சொல்லிவிட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது துறையில் காரை நிறுத்தி, இரண்டு விரலால் இமையைப் பிடித்து மருந்து விட்டாயே, ஆட்டுக்குட்டிக்கு விடுகிறதுபோல. ஒரு சொட்டுகூடக் காதுக்குப் போகவில்லை.

இந்தக் கடிதத்தை இடக் கண் எழுதுகிறது. வலக் கண்ணுக்குக் காகிதம் வெறும் வெள்ளை. ஆனால் இன்று காலை எழுந்து அந்தத் திரையை விலக்கினேன். வலக் கண் என்ன பார்த்தது என்று எழுதுகிறேன், அவசரப்படாமல் படி.

முதலில் வீடு தெரிந்தது. சிவப்புப் பெயிண்ட் உரிந்திருக்கிறது, வடக்குச் சுவரில் ஒரு பலகை மாற்றியிருக்கிறாய். அப்புறம் புகைப்போக்கி. அதிலிருந்து கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். முடிய வேண்டிய இடத்தில் கம்பம் முடியவில்லை. இன்னும் மேலே போனது. உச்சியில் மஞ்சளாக ஒரு குண்டு, வெயிலில் மின்னுகிறது. அப்பாவின் கம்பத்தில் குண்டு கிடையாது.

பின்னால் மலை, மலை முழுக்கப் பனி. கம்பமும் வெள்ளை. வலக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, தூரம் தெரியாத இடக் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு முன்னால் இருக்கிற கம்பம் மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. மலைக்கு முன்னால் இருக்கிற மேல் பாகம் பனியோடு பனியாகப் போய்விட்டது. கையை எடுத்தால் இருக்கிறது, மூடினால் இல்லை. மூன்று தடவை செய்தேன்.

உன்னிடம் இரண்டு கேள்வி. இந்தக் கம்பத்தை எப்போது நட்டாய்? உயரம் எவ்வளவு? மீட்டரில் எழுது.

போர்கில்ட்


பக்கா
8 மார்ச் 1998

அக்கா,

93 நவம்பரில் நட்டேன். அக்டோபர் புயலில் அப்பாவுடையது அடியோடு ஒடிந்து ஆட்டுக் கொட்டிலில் விழுந்தது. நீ அப்போது லைடுல்வோடு ஆஸ்பத்திரியில் இருந்தாய், உன்னிடம் சொல்லவில்லை, உனக்கு இருந்த கவலையில் ஒரு கம்பம் எதற்கு.

பன்னிரண்டு மீட்டர். அப்பாவுடையது எட்டு. இந்த வீட்டுக்கு இவ்வளவு உயரம் எடுப்பாக இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல நேரான மரம், அறுக்க மனசு வரவில்லை. குண்டு கடையில் வாங்கினது.

ஏன் கேட்கிறாய்?

மருந்தை விடாமல் போடு. ஒருநாள் விட்டு ஒருநாள் நான் படகில் வந்து போட்டுவிட்டுப் போகிறேன் என்று எழுத நினைத்தேன். நீ சொன்னால்தான்.

ஆன்ஃபின்


சோல்விக்
11 மார்ச் 1998

தம்பி,

பன்னிரண்டில் மூன்றில் ஒரு பங்கு இறக்கினால் எட்டு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நீயும் போட்டுப் பார்.

அன்று நீ கொடியை எட்டு மீட்டரில் கட்டினாய். அப்பாவின் கம்பத்தின் முனையும் எட்டு மீட்டர். எனக்கு மனசில் நின்றது அந்தக் கம்பம். அதற்கு மேலே இருந்த நாலு மீட்டரை நான் பார்க்கவே இல்லை. நீ கட்ட வேண்டிய இடத்தில்தான் கட்டியிருந்தாய். நான்தான் இல்லாத கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அப்போது என் கண் நன்றாக இருந்தது என்று உனக்கு எழுதினேன். இருக்கவில்லை. அந்த வருஷமே ஊசியில் நூல் கோர்க்க தோர்டிஸைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி வந்தேன்.

ஆனால் எல்லாவற்றையும் கண்ணின் தலையில் கட்டிவிட முடியாது. கண் தெரியாதவள் வாயால் கேட்டிருக்கலாம். சர்ச் வாசலில் கையுறையைத் தேடினதற்குப் பதில், "ஏண்டா, கொடிய ஏண்டா அப்படிக் கட்டினே?"ன்னு கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பாய், நான் பத்து நிமிஷம் வெட்கப்பட்டிருப்பேன், நீ வந்து காபி குடித்திருப்பாய். கேட்கவில்லை. நீ போன் செய்தபோதும் கேட்கவில்லை, வைத்துவிட்டேன். உன்னைப் பொய்யன் என்று எழுதினேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. இதை இன்னொரு தடவை எழுத வைக்காதே, ஒரு தடவை எழுதவே மூன்று காகிதம் போயிற்று.

எனக்கு ஒன்று செய்வாயா? வருகிற ஞாயிறு பதினொரு மணிக்குக் கொடியை அன்று கட்டினபடியே கட்டு. அவரை அடக்கம் செய்த நாளை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும்.

மருந்து போட வா என்று இப்போதே சொல்ல மாட்டேன். முதலில் கொடி.

போர்கில்ட்


பக்கா
15 மார்ச் 1998, ஞாயிறு

அக்கா,

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எட்டுதான். கொல்லையில் நின்று கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கொஞ்சம் அறுத்திருந்தால் போதும், எல்லோரும் சொன்னபோதே.

இன்று நடந்ததை எழுதுகிறேன். மைனஸ் ஒன்று, வெயில், மேற்குக் காற்று. பதினொரு மணிக்கு உச்சிவரை ஏற்றி எட்டு மீட்டருக்கு இறக்கிக் கட்டினேன். பன்னிரண்டு நிமிஷத்தில் முதல் போன். கீழ்ப் பண்ணையிலிருந்து. யார் போனது என்று கேட்டார்கள். யாரும் போகவில்லை என்றேன். பின்னே எதற்குக் கொடி இப்படி என்றார்கள். வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டேன். உனக்குப் பழகினது எனக்கும் வந்துவிட்டது. அப்புறம் மேலும் இரண்டு போன். ஒரு வீட்டில் நான்தான் போய்விட்டேன் என்று நினைத்து, போனை யார் எடுப்பார்கள் என்று பார்க்கத்தான் கூப்பிட்டார்களாம்.

பதினொன்றே முக்காலுக்கு போதகரின் கார் வந்து நின்றது. மனுஷன் பிரசங்கம் முடிந்த அங்கியோடு இறங்கினார், முகத்தை அதற்கு ஏற்றபடி வைத்துக்கொண்டு.

"போனது யாரு, ஆன்ஃபின்?"

"லைடுல்வ்."

"அவர் போயி நாலு வருஷமாச்சே."

"ஆமா. எங்கக்கா இன்னிக்குத்தான் பாக்குறா."

அவர் கம்பத்தைப் பார்த்தார், தண்ணீருக்கு அந்தப் பக்கம் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். கால் மணி நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். லைடுல்வோடு நான் போட்ட சண்டையெல்லாம் எனக்கு வரிசையாக வந்து போனது. அவர் கொட்டகையில் பாதி கேட்டது நியாயம்தான் அக்கா. அப்பா இருக்கும்போதே கூரை போட்டது அவர்தான்.

பன்னிரண்டு அடித்தது. அடக்கம் முடிந்தால் உச்சிக்கு ஏற்றுவதுதானே முறை. ஏற்றினேன். போதகர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார், நன்றாகப் பிடிக்கத் தெரியவில்லை.

இரண்டையும் பார்த்தாயா?

ஆன்ஃபின்


சோல்விக்
17 மார்ச் 1998

தம்பி,

பார்த்தேன். நீ கட்டினபோதும் பார்த்தேன், ஏற்றினபோதும் பார்த்தேன். நடுவில் ஒரு மணி நேரமும் ஜன்னலில்தான் நின்றேன். எட்டு மீட்டரில் கொடி, அதற்கு மேலே நாலு மீட்டர் வெறும் கம்பம், உச்சியில் குண்டு. அந்த வெறும் கம்பத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். கறுப்பாக இரண்டு பேர் நின்றதும் தெரிந்தது. இந்தத் தடவை எது நீ என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதுகு கூனிவிட்டது உனக்கு. போதகர் கயிற்றை விட்டுவிடுவாரோ என்று இங்கே எனக்குப் பதைத்தது.

மருந்து இன்னும் இரண்டு வாரத்துக்கு இருக்கிறது. நாளை மறுநாள் வா. வாஃபிள் சுடுகிறேன். கோப்பைகளைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தாயிற்று. ஒன்றை மட்டும் பழையபடியே வைத்திருக்கிறேன், போதகருக்கு. அவருக்கு அது பழகிவிட்டது.

கொட்டகைக் கூரைக்கு ஆள் பார். செலவு பாதிப் பாதி.

நீ இரண்டரைப் படகில்தானே வருவாய். துறைக்கு நானே வருகிறேன், எல்லாப் படியிலும் காலை வைத்து. குளிராக இருந்தாலும் கையுறை போட மாட்டேன்.

அக்கா